பதினாலாம் நம்பர்

திருவனந்தபுரம் ஷோரூமிலிருந்து
களியக்காவிளையில் பஸ் மாறி வந்த பையன்
புகைப்புரைச் சுவரில் சாய்ந்து நின்று
வண்டியின் படத்தை விரித்தான்.
“தெற்குக்கு மொத்தமே ஒன்பதுதான் மேடம்.
உங்க நம்பர் பதினாலு.”

ஒன்பதில் பதினாலு எங்கே நிற்குமென்று
நான் கேட்கவில்லை.
சிட்டி பிடித்து வளர்ந்தவள்.
ஆட்கள் விழுவார்கள், நம்பர் நகரும்.

ஒரு வருசம் ஆகலாம் என்பதைத்தான்
எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னான்,
ரப்பர் நட்டவளிடம் போய்!
ஏழு வருசம் கழித்துத்தான் முதல் வெட்டு.
அதிலும் மூன்றாம் வருசம் ஒரு காற்று வந்து
பாதியைச் சாய்த்துவிட்டுப் போனது.
மறுபடி குழி தோண்டினேன்.

வண்டிக்குள் ஒரு திருகு உண்டாம்:
மணல், சேறு, பாறை, பனி.
திருப்பினால் நாலு சக்கரமும்
நாலு விதமாக யோசிக்குமாம்.
பனியை வைத்து நான் என்ன செய்ய?
களியலில் பனி கொட்டுகிற அன்றைக்கு
வண்டி எடுத்துப் போக ஊரே இருக்காது.
எனக்குப் பாறை போதும்.
ஆற்றங்கரையிலிருந்து புகைப்புரை வரை
ஒன்றேகால் கிலோமீட்டர், பல்லு பல்லாய்.
பழைய ஜீப்பு அதில் ஏறும்போது
ஷீட்டுக்கட்டும் நானும் டிரைவர் ஸ்டான்லியும்
ஒன்றாய் எழும்பி ஒன்றாய் விழுவோம்.

அவர் இருந்திருந்தால்
பைசாவுக்குப் பிடித்த கேடு என்றிருப்பார்.
நானும் சொல்லியிருப்பேன்,
வேறு யாராவது வாங்கியிருந்தால்.

முன்பணம் கட்டிய ரசீது கைப்பையில் இருந்தது.
மார்த்தாண்டம் பாங்கில் மேனேஜர்
தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.
கல்யாண வீட்டில் பாயசம் விளம்பும் நேரம்
“இன்னும் இல்லியா?” என்றாள் கமலபாய்,
நாள் தள்ளிப்போன பிள்ளைத்தாய்ச்சியைக் கேட்பதுபோல.
“அடுத்த மாசம் வரும்” என்று
நானும் வயிற்றைத் தடவாத குறையாய்ச் சொன்னேன்.

குலசேகரத்துப் பல் டாக்டர் ஆறாம் நம்பர்
என்று ஒரு கேள்வி.
ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின் நடுவில்
அவர் விலகினால் நல்லது என்று தோன்றிவிட்டது.
யாருக்கோ கேட்டதுபோல் உடனே இருமினேன்.

பன்னிரண்டு. பத்து.
ஐப்பசி மழை முழுக்கப் பத்திலேயே நின்றது.
கோதையாறு சப்பாத்தை மூடிய வாரம்
பையன் போனில் சொன்னான்,
தண்ணிக்குள்ளேயும் போகும் மேடம், இடுப்பளவு.
“எப்போ?” என்றேன்.
லைன் கட்டாகிவிட்டது.

அப்புறம்தான் அது நடந்தது.
பதினோரு வருசமாய் மனு கொடுத்த பாதைக்கு
ஒரு திங்கட்கிழமை ஜேசிபி வந்தது.
பாறைக்குப் பல் பிடுங்கினார்கள்.
ஜல்லி, கம்பி, மிக்சரின் இரைச்சல்,
கவுன்சிலர் பெயரோடு ஒரு கல்.
என் பாறை ஒவ்வொன்றாய் லாரியில் போவதை
நான் பால் வெட்டுக்காரர்களோடு நின்று பார்த்தேன்.
எல்லோரும் கை தட்டினார்கள், நானும்.

அதே வாரம் போன் வந்தது.
முன்னால் நின்றவர்களில் யாரோ துபாய்க்குப் போய்விட்டாராம்,
யாருக்கோ கடன் கிடைக்கவில்லையாம்,
மூன்று நாளில் மீதியைக் கட்டினால் எனக்காம்.
“நிறம்?” என்று கேட்டேன்.
“இருக்கதே ஒண்ணுதான் மேடம். வெள்ளை.”
கட்டினேன்.

இறக்கிவைத்தார்கள், ஆற்றங்கரையில்.
மேஸ்திரி குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்.
கான்கிரீட் இறுகணும்,
இருபத்தொரு நாள் சக்கரம் படக்கூடாது,
“ராசா வந்தாலும் இறங்கி நடக்கட்டு.”

ஐசக்கின் சாயக்கடைப் பக்கம்
அயனி மரத்தடியில் நிற்கிறது இப்போது.
பானெட்டில் பழம் விழுந்து பிசுபிசுக்கிறது.
கண்ணாடித் தூசியில் பிள்ளைகள்
ஒன்றும் ஒன்றும் மூன்று என்று எழுதியிருக்கிறார்கள்.
அடியில் ஒரு கோழி, நல்ல நிழல்.
சாயங்காலம் நான் மேலே நடந்துபோய்
சாக்கு காயாமல் தண்ணி ஊற்றுகிறேன்.

நேற்றுப் பையன் கூப்பிட்டான்.
கம்பெனியில் இருந்து கேட்பார்கள் மேடம்,
வண்டிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீங்க?
“இன்னும் ஏறல்ல மக்கா” என்றேன்.
“ஏறியிட்டுச் சொல்லுதேன்.”