ஓர் அங்குலம்

தோளில் கத்தி வைத்த மருத்துவர்
கையை ரொம்ப நீட்டாதே என்றார்,
துப்பாக்கியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
கட்டையில் ஓர் அங்குலம் அறுத்துவிடுவதென்று
நானே முடிவுசெய்தேன்.
டர் பறவைகள் வந்துவிட்டன. நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மூலையில்
நவம்பர் கடலுக்கு ஈயத்தின் நிறம்,
அதன்மேல் யாரோ மிளகைச் சிந்தியதுபோல் அவை.

ஹெட்லி வந்தான். பூட்ஸைக்கூடத் தட்டாமல் ஷெட்டுக்குள் நுழைந்தான்.
முதலில் துப்பாக்கியைத் திறந்து பார்த்தோம்,
அவன் ஒருமுறை, அவனை நம்பாமல் நான் ஒருமுறை.
காலி.
பிறகு பின்பக்கத்து ரப்பர் மெத்தை:
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால்
திருப்புளி அதைக் கிழிக்காமல் இறங்கும்.
இரண்டு திருகாணிகளும் சமர்த்தாய் வெளியே வந்தன.

உள்ளே ஒரு சுரங்கம்.
டார்ச் அடித்தால் அடியில் போல்ட்டின் தலை,
ஐஸ்பெட்டியின் அடியில் கிடக்கும் மீனின் கண்.

நீளத் திருப்புளி. அதன் கழுத்தில் ஸ்பேனர்.
அவன் திருப்ப, நான் நல்ல கையால் கட்டையை அணைத்துக்கொள்ள,
அசையவில்லை.
இந்த ஊரில் பாதிப்பேருக்கு மரை கழன்றிருக்கிறது,
இதற்கு மட்டும் கழலாதாம்.

"உப்பு," என்றான் ஹெட்லி.
"உப்பில்லை, நீ," என்றேன். "ஜாம் பாட்டிலைக்கூட
அடுத்த பிறவிக்கு மூடுவதுபோல் மூடுகிறவன் நீ."
அவன் ஸ்பேனரை வேறு பக்கம் மாட்டினான்.

எண்ணெய் விட்டோம், மரத்தில் படாமல்
உறிஞ்சுகுழலின் நுனியால் மூன்று சொட்டு.
ஒரு ராத்திரி காத்திருந்தோம்.
திருப்புளியின் தலையில் சுத்தியலால் தட்டினோம்.
கொஞ்சம் இறுக்கிவிட்டுத் தளர்த்தலாம் என்றான்;
இறுகவும் இல்லை.

கடைசியில் விறகடுப்பில் ஒரு கம்பியைக் காய்ச்சினோம்.
சுவரில் படாமல் உள்ளே விட்டு, போல்ட்டின் தலையில் வைத்து,
இருபதுவரை எண்ணி எடுத்து,
மறுபடி காய்ச்சி.
மூன்றாவது தடவை ஒரு வாசனை வந்தது.
பொம்மை எரிகிற வாசனை.
உப்புக்கு அப்படி வாசனை கிடையாது.
ஹெட்லி என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டிக்.
உடைந்துவிட்டது என்றுதான் இரண்டுபேரும் நினைத்தோம்.

மரையின் பள்ளமெல்லாம் சிவப்பு.
துரு என்று சொல்லிக்கொண்டு நகத்தால் சுரண்டினேன்.
துரு உதிரும். இது தோலாய் உரிந்தது.

ஒன்பது குளிர்காலம் ஆகிறது.
அவன் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்மணல் வேலைக்குப் போக
இரண்டு நாள் இருந்தது.
ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கிய துப்பாக்கி.
"கட்டையைக் கழற்றினால் பெட்டிக்குள் அடங்கிவிடும்,"
சாப்பிடும்போது, ரொட்டியைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான்.
அவன் தூங்கியதும் நான் ஷெட்டுக்கு வந்தேன்.
படகு மோட்டாருக்கு வாங்கிய பசை, சிவப்புக் குப்பி.
மரைக்கு ஒரு சொட்டு போதும் என்று எழுதியிருந்தது.
நான் ஒன்றோடு நிறுத்தவில்லை.

ஹெட்லி போல்ட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
தலையின் வெட்டில் ஒருபக்க உதடு பிதுங்கியிருந்தது,
பழைய காயம், அதன் பளபளப்பு எப்போதோ போய்விட்டது.
"விடிகாலை நாலுமணி," என்றான்,
"டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை."
"ஏன் கேட்கவில்லை?"
"உப்பு என்று நினைத்தேன்."
சொல்லும்போது வாஷரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

பிறகு அறுத்தோம். வால்நட் மரம், உள்ளே இன்னும் சாக்லேட் நிறம்.
புதுப் போல்ட்டுக்குப் பசை வேண்டுமா என்றான்,
முகத்தை நேராக வைத்துக்கொண்டு.
கிரீஸ் போதும் என்றேன்.

தோளில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.
அந்த நேரம் பார்த்து
அறுத்த துண்டை அவன் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டான்,
ஓர் அங்குலம்,
எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கும்.