வலது பக்கம் நான்கு கிளிக்

விடிகாலை மூன்றே முக்கால்.
லியேஜ் நகரில் இந்நேரம் விழித்திருப்பது
ஆஸ்பத்திரி, பாலத்தடியில் பாடும் ஒரு குடிகாரர்,
பிறகு, மாவு பிசையப் போகும் நான்.

என் காருக்கு இரண்டே சீட்.
இடது எனக்கு.
வலதில் பெல்ட் போட்டு உட்கார்வது
வாரநாளில் எக்லேர் தட்டு,
சனிக்கிழமை மூன்றடுக்குக் கல்யாணக் கேக்.
கேக் கடைக்காரிக்கு எதற்கு இந்தக் கார் என்று
கேட்காதவர் இல்லை.
வேன் வாங்கலாம்தான்.
ஞாயிற்றுக்கிழமை வேனில் போய்
ஆர்டென் மலைவளைவுகளிடம்
என்ன பேசுவது?

ஷாக் அப்சார்பர்கள் நான்கும் போய்விட்டன.
பானெட் மூலையை அழுத்திவிட்டால்
ஆமாம் ஆமாம் ஆமாம் என்கிறது கார்.
ஸ்பிரிங்குக்கு ஒரு குழியை
மூன்று முறை சொன்னால்தான் திருப்தி.
கேட்டாயிற்று, விடு என்று
அதன் கையைப் பிடிக்க வேண்டியது
எண்ணெய் கசிந்து
சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாஸ்கலின் தன் காரை ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தந்தாள்.
பந்தயத் தடத்துக்கென்றே போட்ட விறைப்பான செட்.
கான்கிரீட் பலகைகள் ஒட்டிய நெடுஞ்சாலையில்
ஒவ்வொரு இணைப்பும்
டக் டக், டக் டக் என்று
என் கடைவாய்ப் பல்லில் வந்து கையெழுத்திட்டது.
வெர்வியே போய்ச் சேர்ந்தபோது
பதினெட்டு எக்லேரும் ஒரே எக்லேர்.
ஆனால் திரும்பி வரும் வழியில், தட்டு காலி,
அந்தக் குன்றின் இறக்கத்து வளைவில்
ஈரச் சாலையின் மணல் மணலாய்
உள்ளங்கைக்குத் தெரிந்தது.
நான் சத்தமாய்ச் சிரித்தேன். தனியாக.

அடுத்த வாரம் லுடோவின் மைத்துனர் கார்.
இருப்பதிலேயே மெத்தென்ற செட்.
கேக் தூங்கிக்கொண்டே வந்தது.
வளைவில் கார் கப்பலாய்ச் சாய,
நானும் கொட்டாவி விட்டேன்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
எனக்கோ கிரீமுக்கும் ஆசை.

கடைசியில் வாங்கியது திருகு வைத்தது.
பதினான்கு கிளிக்.
விலை, புது அடுப்பின் கதவுக்கு
நான் சேர்த்து வைத்திருந்தது. பழைய கதவுக்கு
இன்னும் ஒரு கம்பி கட்டிக்கொண்டேன்.
லுடோ நான்கு மூலையிலும் ஏழு வைத்து,
இனிமேல் தொடாதே என்றார்.

தொட்டேன்.
இரவில் நடைபாதையில் முழங்காலிட்டு,
வாயில் டார்ச்சைக் கவ்வி,
எனக்கு இடது பக்கம் பதினொன்று,
கேக்குக்கு வலது பக்கம் நான்கு.

லுடோ தலையில் அடித்துக்கொண்டார்.
இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், ஜிஸ்லேன்,
தராசு மாதிரி.
தராசுதான், லுடோ,
ஒரு தட்டில் நான், மறு தட்டில் வெண்ணெய்.
இது எந்த ஏட்டிலும் இல்லை என்றார்.
என் பைக்கு வெளியே நீட்டிய ரசீதில்
சர்வீஸ் கட்டணத்தை அடித்துவிட்டு,
நான் உன்னைப் பார்க்கவே இல்லை என்று எழுதினார்.

தேயூ கிராமத்துக் கல்யாணத்துக்கு
மூன்றடுக்கும் நிமிர்ந்தே போய்ச் சேர்ந்தது.
இரண்டாம் அடுக்கில் மட்டும் ஒரு கீறல்,
கோயில் வாசலின் கருங்கல் பாவிய தெருவில் வந்தது.
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி
சர்க்கரை ரோஜா ஒன்றை வைத்தேன்.
மணமகளின் தாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
அந்த ரோஜாவைத்தான் மெச்சினாள்.

ஞாயிறு காலை திருகைச் சமமாக்க மறந்துவிட்டேன்.
வலது வளைவில் கார் கத்தி.
இடது வளைவில் அதே கார்
தோளைத் தளர்த்திக்கொண்டு சாய்ந்தது,
பக்கத்தில் யாரோ
மடியில் எதையோ பிடித்திருப்பதுபோல்.

காலி சீட்டில் பெல்ட் போட்டபடியே இருந்தது.
மேலே கொஞ்சம் சர்க்கரைத் தூள்.
நிறுத்தித் திருகலாம்.
அடுத்தது இடது வளைவு.
வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.