இரண்டாவது கோடு

கரும்பலகையில் நேற்றைய வகுத்தல் கணக்கு
மீதியோடு நிற்கிறது.
முதல் பெஞ்சுதான் இன்று என் மேசை:
பஞ்சு, ஸ்பிரிட்,
ஒரு தடவை குத்தி எறிகிற ஊசி,
சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளை அட்டைகள்.
நைலின் கிளைவாய்க்கால் கரையில்
பருத்தி எடுத்த விரல்களைக் குத்துவது லேசில்லை.
தோல் அவ்வளவு தடிப்பு.

ஒரு சொட்டு. இருபது நிமிடம்.
ஒற்றைக் கோடு வந்தால் வீட்டுக்கு.
இரண்டு வந்தால் நீலக் கதவு, அங்கே
இன்னொரு பரிசோதனை.

"எனக்கு என்ன வந்தது? மஞ்சளாகவா இருக்கிறேன், பார்"
கீழிமையை இழுத்துக் காட்டுகிறாள் வதீதா.
வெள்ளையாகத்தான் இருக்கிறது.
பெயரிலேயே கல்லை வைத்திருக்கிற ஈரல்
இருபது வருடம், முப்பது வருடம்
மூச்சு விடாது.
அது வாய் திறக்கிற அன்று
பெரும்பாலும் பொழுது சாய்ந்திருக்கும்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
விரலைக் கேட்டேன்.

வாசலுக்கு வெளியே,
வரிசையில் சேராமல்,
கக்கத்தில் ஒரு பேரேட்டோடு ஷெஹாத்தா.

ஊரில் ஐம்பது தாண்டிய கைகளை
நரம்பு நரம்பாகத் தெரிந்தவர்.
வாய்க்கால் நத்தை
பையன்களின் மூத்திரத்தைச் சிவப்பாக்கிய காலம்.
அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது
ஆறு கண்ணாடி ஊசி,
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
இருநூறு பிள்ளைகள்.
வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம்.
கொதிக்க வைத்தார். வைக்காமல் இல்லை.
தண்ணீர் கொதி வருவதற்குள்
இருபது கைகள் நீண்டுவிட்டன.

நத்தை கொடுத்த நோய் போனது.
இன்னொன்று
கையிலிருந்து கைக்கு
அதே கண்ணாடி வழியே போய்க்கொண்டிருந்தது.
உலகம் அதற்குப் பெயர் வைக்கவே
இன்னும் பல வருடம் இருந்தது.

"வெயிலில் என்ன நிற்கிறாய்" என்று
வதீதாதான் உள்ளே இழுத்துவந்தாள்.
விரலைக் கேட்டால்
சட்டையைச் சுருட்டி முழங்கை மடிப்பை நீட்டினார்.
பழக்கம்.

இருபது நிமிடமும்
நீலக் கதவு திறப்பதை எண்ணினார்.
பதினொன்று.
"யார் யார் என்று சொல்லக்கூடாது" என்றேன்.
"சொல்லாதே. யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள்
என்று எனக்குத் தெரியும்."

அவர் அட்டையில் ஒரு கோடு.
"இன்னும் கொஞ்சம் வை."
நேரம் முடிந்துவிட்டது என்றேன்.
"அட்டை பழசோ?"
இல்லை.
ஒரே கோடு.
நிம்மதி விழ வேண்டிய முகத்தில்
வேறு எதுவோ விழுந்தது.

நீலக் கதவிலிருந்து வதீதா வந்தாள்,
கையில் ஒரு சீட்டு:
கிருமி உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறதா
என்று அடுத்த வாரம் தெரியும்.
இருந்தால் மாத்திரை. அநேகமாகப் போய்விடும்.
பாதி குடித்த தேநீர்க் கோப்பையை அவரிடம் நீட்டினாள்.
"குடி. எச்சிலில் ஒட்டாதாம்,
ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாதாம், இவள்தான் சொன்னாள்.
நீ பன்னிரண்டு ஊசி போட்டாய்,
இவர்கள் பன்னிரண்டு வாரம் மாத்திரை தருகிறார்கள்.
கணக்கு சரி."
மன்னித்தாளா, குத்தினாளா,
எனக்கு விளங்கவில்லை.
அவர் குடித்தார்.

பிறகு பேரேட்டை விரித்தார்.
பென்சில் பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே பன்னிரண்டு சிறு கீறல்.
"இன்று வராதவர்கள் முப்பத்து நான்கு.
ஒன்பது பேர் இனி வரமாட்டார்கள்.
ஒருத்தன் குவைத்தில்.
உன் அட்டைகள் எதுவரை இருக்கும்?"
"வியாழன் வரை."
பேரேட்டை சைக்கிளின் பின்னால் கட்டினார்,
முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது.

அஸர் பாங்குக்கு முன்
கையெல்லாம் சிமெண்டோடு ஒருவன் வந்தான்.
வேலையைக் கெடுத்துவிட்டாராம் கிழவர்.
"நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றான்
உட்காராமலே.

விரலைக் கேட்டேன்.