கூப்பாட்டுப் புத்தகம்

சரக்கு வண்டி மூன்றே காலுக்கு.
இரண்டரைக்கு நான் லாந்தரோடு
காரைக்குடி ஸ்டேஷனின் பின்வாசல் வழியே இறங்குவேன்,
கக்கத்தில் கூப்பாட்டுப் புத்தகம்.
தூங்குகிறவனை எழுப்பிக்
கையெழுத்து வாங்குவது என் உத்தியோகம்.

டிரைவர் தாமோதரம் பிள்ளை
முதல் தட்டிலேயே "தெரியும் போ" என்பார்,
மறுபடி குறட்டை.
சன்னலுக்குள் பேனாவை நீட்டினால்
குறட்டையை நிறுத்தாமலே கையெழுத்துப் போடுவார்.
இஞ்சினில் ஏறும்வரை அவர் விழிப்பதில்லை என்று
ஷெட்டில் பேச்சு.

நாய்களுக்கு என்னைத் தெரியும்.
புது நாய் என்றால் ஒரு வாரம் ஆகும்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
செட்டியார் வீட்டுச் சுவரில் கரி விழுந்தால்
ஆள் விட்டுத் துடைப்பார்கள்.
இந்தப் பக்கம் எல்லாத் துணியும் ஒரே நிறம்.
பயர்மேன் மகிமைநாதன் பெண்சாதி அருளாயி
வெள்ளைச் சேலை உடுத்துவது ஈஸ்டருக்கு மட்டும்.
காற்று ஷெட்டிலிருந்து அடித்தால்
அன்றைக்கும் இல்லை.

கடைசிக் கதவு அவர்களுடையது.
அவனுக்கு எழுத்து வராது, கைநாட்டு.
மைப்பெட்டி கொண்டுபோனதே இல்லை.
கட்டைவிரல் ரேகைக்குள் கரி குடியிருக்கிறது,
எச்சில் தொட்டு அழுத்தினால் போதும்,
தாளில் ஊருணிப் படிக்கட்டு
சுற்றிச் சுற்றி இறங்கும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
மழை.
அருளாயி கதவை அரையடி திறந்தாள்.
"எந்திரிச்சாச்சு. குடு, வாங்கித் தாரேன்."
உள்ளே விளக்கில்லை,
பாய் சரசரக்கவில்லை.
புத்தகம் திரும்பி வந்தது.

லாந்தரைத் தூக்கினேன்.
ரேகை சின்னது.
குறுக்கே அரிவாள்மணைத் தழும்பு.
கரி இல்லை, மஞ்சள்.

காயட்டும் என்று
ஓட்டுக்கடியில் கொஞ்சம் நின்றேன்.
அவளும் கதவைச் சாத்தவில்லை.
"வந்துருவாக" என்றாள்,
என்னிடம் இல்லை.

மூன்று பத்துக்குப் பிள்ளை விழித்துவிட்டார்.
"எங்கடா அவன்?"
"கூப்பிட்டாச்சு. நாட்டு இருக்கு."
பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.
கண்ணாடியைக் காணோம் என்று சட்டைப்பையைத் தட்டினார்.
கண்ணாடி மூக்கில் இருந்தது.
பிறகு அவரே மண்வெட்டியை எடுத்து
நெருப்புக்குப் போட ஆரம்பித்தார்.

மூன்று இருபதுக்கு
கல்லல் பக்கமிருந்து ஸ்லீப்பர் கட்டைகளைத் தாண்டித் தாண்டி
ஒருத்தன் ஓடிவந்தான்,
செருப்பு கையில்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பிள்ளை மண்வெட்டியை நீட்டினார்.

தாமதம் ஏழு நிமிஷம்.
காரணம் என்ற கட்டத்தில்
ஸ்டேஷன் மாஸ்டர் எழுதினார்:
ஈரக் கரி.

விடிந்தபின் புத்தகத்தைப் பிரித்தேன்.
எதிர்ப்பக்கத்தில்
பிள்ளையின் கையெழுத்துமேல்
மஞ்சள் ஒட்டியிருந்தது.