மூன்றாம் தடம்

ஓஷ் நகரத்தில் விடியல்
ரொட்டி மணத்தோடு வரும்.
ஹிக்மத்துக்கு அதற்கும் முன்னால்,
மூன்று மணிக்கே,
இடுப்பின் பின்புறமாக வந்துவிடும்.

புரள முடியாது.
சுவரைப் பிடித்து எழுந்து
சாக்ஸ் மாட்ட மனைவியைக் கூப்பிட வேண்டும்.
முப்பத்தோரு வயது.

எல்லோரும் தந்தூர் அடுப்பைத்தான் திட்டினார்கள்.
தலைகீழாய் உள்ளே குனிந்தால்
முதுகு என்ன இரும்பா?
ஓய்வெடு என்றார்கள். எடுத்தான்.
பத்தே நாளில் பலகையானான்.
அவன் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்:
"நாற்பதாவது ரொட்டியை ஒட்டும்போது
வலி கையை எடுத்துவிடுகிறது."
ஏழு வருடம் அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

டாக்டர் ஜுமாகுல் எழுதிக்கொண்டாள்.
கூடவே, போன மார்ச்சில்
காரணமில்லாமல் சிவந்த இடது கண்ணையும்.
கீழே ஒரு கோடு. அதன் கீழே
பி இருபத்தேழு.

முன்பெல்லாம் இந்த ஒரு வரிக்கு
ரத்தம் எல்லை தாண்டும்.
பனிக்கட்டிப் பெட்டி, அல்மாத்தி, பதினெட்டு நாள்,
ஆறாயிரம் சோம்.
சில சமயம் "மாதிரி கெட்டுவிட்டது" என்று பதில்.
ஆறாயிரம் என்றால் இருநூறு ரொட்டி.
இப்போது என் மேசையில் எழுநூறு:
இருபத்துமூன்று ரொட்டியும் ஒரு விள்ளலும்.
கணக்கு அவனுடையது.
விள்ளலைக்கூட விடவில்லை.

எப்படிக் குறைந்தது என்று கேட்பார்கள்.
கல்லூரி கழித்துப்போட்ட சூடாக்கும் இயந்திரம்;
மூடி அழுந்தாது, மேலே
தடித்த ரஷ்ய அகராதி ஒன்றை வைத்திருக்கிறேன்.
பத்துக் குழாய் சேரும்வரை பொறுத்து
வியாழக்கிழமை மட்டும் ஓட்டுவேன்.
அப்புறம், என் ரத்தம்.

அது நடந்தது முதல் மாதத்தில்.
அல்மாத்தியிலிருந்து வந்த ஒரு சொட்டு
'உண்டு' என்பதற்குச் சாட்சி.
'இல்லை' என்பதற்குச் சாட்சியாக
ஆரோக்கியமான யாராவது வேண்டும்.
பெர்மெத், நீதான் குதிரை மாதிரி இருக்கிறாயே என்றார்கள்.
கையை நீட்டினேன்.
விளக்கை அணைத்து நீலக் கதிரைப் போட்டால்
மூன்றாம் தடத்தில்
இரண்டு கோடு எரிந்தது.

குழாய் மாறிவிட்டதென்று மறுபடி ஓட்டினேன்.
மூன்று முறை.
மூன்று முறையும் அந்தக் கீழ்க்கோடு
என்னைப் பார்த்துக் கண் சிமிட்டாமல் நின்றது.
அன்றிரவு தரையில் உட்கார்ந்து
கால்விரலைத் தொட்டுப் பார்த்தேன்.
தொட்டது. நாற்பத்தாறு வயதில், சுலபமாக.
இல்லை என்பதற்கு வேறு ஆள் பிடித்தோம்.
உண்டு என்பதற்கு அன்று முதல் நான்.
வாங்க வேண்டியதில்லை, வரி இல்லை,
வேலைக்குத் தானே நடந்து வந்துவிடும் சாட்சி.

ஹிக்மத்தின் தடம் ஏழாவது.
என்னுடையதைப் போலவே எரிந்தது,
பக்கத்து வீட்டு ஜன்னல் போல.

காகிதத்தை வாங்கிய விரலில் மாவு.
"அப்படியானால் அடுப்பு இல்லையா?"
அடுப்பு இல்லை என்றேன்.
இந்தக் கோடு மட்டுமே நோயும் இல்லை;
உன் இரவுகளும் கண்ணும் படமும் சேர்ந்தால்தான்
ஜுமாகுல் பெயர் சொல்வாள், மருந்து சொல்வாள்.
அவன் பாதிதான் கேட்டான்.
ஏழு வருடமாகக் குற்றவாளியாய் நின்ற அடுப்பு
அவன் முகத்தில் விடுதலையாகிக்கொண்டிருந்தது.

பிறகு சட்டைப்பையைத் துழாவி
இன்னொரு எழுநூறை வைத்தான். நாணயங்களாகவே பாதி.
"மகள் நிகோரா. எட்டு வயது.
இவ்வளவு மலிவாக இருக்கும்போதே பார்த்துவிடலாமே."

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண்
ஒற்றைக் காலில் ஓடு தாண்டிக்கொண்டிருந்தாள்,
கறுப்பு ஓட்டை மிதிக்காமல்.

மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.
இதை நான் நல்லபடியாகச் சொல்லவில்லை.
நாணயங்களைத் திருப்பித் தள்ளினேன்,
ஒன்று உருண்டு மேசைக்குக் கீழே போனது.
"எங்கேயும் வலிக்கவில்லையே அவளுக்கு?"
இல்லை என்றான்.
"வலித்தால் வா. காலையில் என்றால் உடனே வா."
உங்களுக்கு எப்படித் தெரியும் என்று
கோபமாகவே கேட்டான்.

படத்தை அவன் பக்கம் திருப்பினேன்.
ஏழு நீ. மூன்று நான்.

நெடுநேரம் பார்த்தான்.
"உங்களுக்கு வலிக்காதா?"
இதுவரை இல்லை.
"பயம்?"

மேசைக்குக் கீழே குனிந்து
அந்த நாணயத்தைத் தேடினேன்.
சற்று அதிக நேரம் தேடினேன் போலும்.