வாளியின் கொள்ளளவு

ஷிஜோ கொண்டுவந்த பட்டியலில்
எல்லாப் படத்திலும் பனி.
இடுப்பளவுப் பனிக்குள் ஒரு சிவப்பு இயந்திரம்
வாயால் உறிஞ்சி
வானத்தில் துப்புகிறது.
'இதையே மணலுக்கும் போடலாம் சார்.'
ஏசி செத்துப்போன போர்ட்டா கேபினில்
நாற்பத்தேழு டிகிரியில்
அந்தப் பக்கத்தாலேயே விசிறிக்கொண்டேன்.

பனியை ஓரமாக ஒதுக்கினால் போதுமாம்,
மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.
கத்பீத்தில்
வெயில் எதையும் பார்த்துக்கொள்வதில்லை.

நேற்றிரவுக் காற்று
சலாலா சாலையில் நானூறு மீட்டரைத் தின்றிருக்கிறது.
கிரேடர் நல்லதுதான், கணுக்கால் மணலுக்கு.
அதற்கு மேல் பிளேடு திணறித் தாரை உரிக்கும்,
பிறகு அதற்கொரு விளக்கக் கடிதம்
நான்தான் எழுதவேண்டும்.
பாப்கேட், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடும் பையன்.
வேகம் உண்டு, அள்ளுவது கரண்டி.
டோசர் நடந்தால் சாலையெல்லாம் பல் தடம்.
ஆக ஷவல்.
குல்ஸமான் ஓட்டும், இடது விளக்கில்லாத
பழைய ஷவல்தான் இப்போதும் அங்கே உறுமுகிறது.

மஸ்கட் ஆபீஸ் படிவத்தில்
குதிரைத்திறனுக்கு ஒரு கட்டம்,
வாளியின் கனமீட்டருக்கு ஒன்று,
டீசலுக்கு, டயருக்கு, வாரண்டிக்கு.

போன கரீஃப் மாதத்தில் ஒரு விடிகாலை
வாளியைத் தாழ்த்தியவன் சட்டென்று நிறுத்தினான்.
இறங்கிப் போய்
கையால் தோண்டினான்.
முதலில் கூரைக் கம்பி,
அதில் கட்டிய நீலப் பாய்,
பிறகு கண்ணாடி.
உள்ளே நான்கு பேர்,
உயிரோடு,
கதவு திறக்காமல்,
சின்னவள் மடியில் பேரீச்சங்கொட்டைகள்.

எப்படித் தெரிந்தது என்றேன்.
'மணல் அங்கே தப்பாக உட்கார்ந்திருந்தது.
எங்கள் சித்ராலில் பனிக்குள் ஆடு புதைந்தால்
இப்படித்தான் உட்காரும்.'
சொல்லிவிட்டு
உள்ளங்கையில் ஏறிய முள்ளைப் பல்லால் பிடுங்கினான்.

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
ஷவல், மூன்று கனமீட்டர்.
முன்கண்ணாடி பெரிதாக.
இரண்டு விளக்கும் எரியவேண்டும்.
ஓட்டுநரை மாற்றவேண்டாம்.
கடைசி வரி கொள்முதலைச் சேர்ந்ததல்ல என்று
திருப்பி அனுப்புவார்கள்.
அனுப்பட்டும்.

காற்றுக்கு முன்னால் நேற்று மாலை வந்த ஷிஜோ
சாவியை விரலில் சுற்றியபடி
வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிறான்.
சாலை திறக்க மூன்று மணியாகும்.
மெஸ்ஸில் அவனுக்கும் ஒரு தட்டு
சொல்லிவைத்திருக்கிறேன்.