ஆயிரத்து இருநூற்று நாற்பது அடி

சங்ககிரி ரோட்டில் ரிக் ஆபீஸ்.
என் மேசைக்கு எதிரே சன்னல்,
சன்னல் திட்டில் ஏழு அங்குல கேசிங் பைப்பின் துண்டு,
அதற்குள் டிக்கியா.

அர்த்தநாரி கொண்டு வந்தான்,
பெங்களூர்ப் பக்கம் ஏதோ நர்சரியில்
போர் போட்டுத் திரும்பும்போது.
அன்னாசிக்குப் பங்காளி முறையாம்.
பழம் கிடையாது, முள் மட்டும்தான் சொத்து.
"தண்ணியே வேண்டாங்க மேடம்,
நம்ம தொழிலுக்கே எதிரி" என்று சிரித்தான்.
மறுநாள் லாரி ராய்ப்பூருக்குப் போய்விட்டது.

நட்டது நான்தான்.
செம்மண் ஒரு பங்கு, கல் மூன்று பங்கு.
போர் போடும்போது பறக்கும் மாவு ஆகாது,
ஒருமுறை நனைந்தால் சிமெண்டாய் இறுகும்.
சலித்தபின் சல்லடையில் நிற்கும்
அரிசி அளவுக் குருணைதான் வேண்டும்,
எண்ணூறு அடிக்குக் கீழே
வெயிலே பார்த்திராத கல்.
பைப்பின் அடியில் ஓட்டுச் சில்லு, நீர் வடிய இடைவெளி விட்டு.
ரிக்காரர்களின் தோல் கையுறை
இடக்கைக்கு மட்டுமே கிடைத்தது.
வலக்கையில் இன்னும் கோடு இருக்கிறது.
முள் உள்பக்கம் வளைந்தது:
கை நுழையும்போது விட்டுவிடும்,
எடுக்கும்போதுதான் பிடிக்கும்.
கடன் மாதிரி.
கணக்கு எழுதுகிறவள், எனக்கு அப்படித்தான் தோன்றும்.

மேற்கு வெயில் முழுதாய் விழும் சன்னல்,
சாரல் எட்டாது.
நிழலில் வைத்தால் பச்சையாய் நீண்டுவிடும்.
வெயிலில்தான் இலைமேல் அந்தச் சாம்பல் பூச்சு.
முதல் வாரமே தூசி என்று துடைத்துவிட்டேன்.
என் கட்டைவிரல் போன தடம்
இன்றைக்கும் அந்த இலையில் பச்சை.

தண்ணீர் ஊற்றவில்லை. சொன்னால் சொன்னதுதான்.
பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று.
பக்கத்தில் மணி பிளான்ட் செத்தது.
இது தடித்தது, குட்டி விட்டது.
வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்:
ஒரு சொட்டு கிடையாது, பாருங்க.

செவ்வாய்தோறும் நாச்சிமுத்து வருவார்,
மல்லசமுத்திரத்துக்காரர்.
மூன்று ஏக்கர்,
ஆயிரத்து இருநூற்று நாற்பது அடி,
வெறும் புகை.
எங்கள் பில் அடிக் கணக்குக்கு.
தண்ணீர்க் கணக்கு எங்களிடம் இல்லை.
ஐந்நூறு கட்டுவார், சில வாரம் முந்நூறு.
கேனில் ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு
ரசீது எழுதக் குனிவேன்.
சன்னலோரம் நின்று குடிப்பார்.
"போதுங்க அம்மிணி."
பேச்சு அவ்வளவுதான்.

தையில் பாக்கி தீர்ந்தது.
கடைசி ரசீதை நாலாய் மடித்து
பனியன் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பங்குனியில் இலைகள் உள்ளே சுருண்டன.
நுனி கருகி, அடி இலை காகிதமாயிற்று.
அர்த்தநாரிக்குப் படம் அனுப்பினேன்.
"மோட்டார்னா சொல்லுவேனுங்க, செடி எனக்கென்ன தெரியும்?"

கூட்ட வரும் ராசாமணிதான் சொன்னாள்:
"மல்லசமுத்திரத்தாரு சொம்புல மிச்சத்தை
இதுலதானுங்க ஊத்துவாரு, வாரா வாரம்.
நீங்க குனிஞ்சு எழுதிட்டிருப்பீங்க."

தாங்கும் என்று சொல்லியிருக்க வேண்டும் அவன்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போது வாரத்துக்குக் கால் சொம்பு,
குருத்தில் தேங்காமல் வேரோரம்.
மார்கழியில் பாதி போதும்.
குட்டியைக் கத்தியால் பிரித்து
வெட்டுவாய் காய இரண்டு நாள் விட்டு
இன்னொரு பைப் துண்டில் நட்டாயிற்று.

வைகாசியில் இலை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் ஒரு தண்டு,
அதில் ஆரஞ்சு மணிகள்.
எறும்பு வந்தது, பிறகு ஒரு தேன்சிட்டு,
டீசல் வாடையைப் பொருட்படுத்தாமல்.
பூத்தபின் செத்துப்போகும் உறவுக்காரச் செடிகள் உண்டாம்,
இது அந்த வழக்கத்தில் இல்லை.

பில் புத்தகத்தில் அவர் நம்பர் இருந்தது.
கூப்பிட்டேன். பின்னால் ஆடு கத்தியது.
நான் பேர் சொன்னதுதான் தாமதம்:
"பாக்கி ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா, அம்மிணி?"